பழைய புயலை ஓட்டாத காலை

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, படகு உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே, இன்று கடலுக்குப் போகாமல் இங்கே வந்து நிறைந்திருக்கும் படகுக்காரர்களே, என் அலுவலகத் தோழர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும், மறைந்தவரின் மனைவியான அக்கா அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம். அக்காவுக்கு வணக்கம் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். நம் காற்றுக் கணிப்பு நிலையத்தின் கணினி அறைத் தலைவர், நாம் எல்லோரும் 'நிதானம்' என்று அழைத்த அந்தப் பெரிய மனிதர், கடமையிலேயே உயிரை விட்டார் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோழர்களே, அது யாருக்கு வசதியான பேச்சு? அவருக்கா, நமக்கா? நான் கணிப்புப் பிரிவின் பொறுப்பாளன். நடந்தது என்னவென்று இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். அதை ஒலிபெருக்கியில் சொல்ல ஒருவர் வேண்டும். அது நானாக இருப்பதுதான் முறை.

முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன். வேகம் கூட்டுவதையே வேலையாகக் கொண்ட ஒருவருக்கு நிதானம் என்று பெயர்! இந்த வேடிக்கை வேறு எங்கே நடக்கும்? படகுக்காரர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். பிற்பகலில் நீங்கள் கிளம்பிப் போய்விடுவீர்கள். சாயங்காலம் எங்கள் கணிப்பு வெளியே வரும். போன படகுக்குப் போகாதே என்று சொல்லுவோம்! ஊரே சிரித்தது. புதிய கணினி வாங்க வழியில்லை என்று மேலிடம் கையை விரித்துவிட்டது. எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

அவருக்கு மட்டும் பழகவில்லை. இருந்த பழைய கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். தூசியைத் துடைத்தார், காய்ந்துபோன பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினார், காற்று போகவரத் தகரத்தில் வழி செய்தார். பிறகுதான் பிராசஸரில் கை வைத்தார். கணினியைத் தட்டியதும் ஒரு அமைப்புத் திரை வருமே, நாமெல்லாம் பார்த்ததும் பயந்து மூடிவிடும் திரை, அதில்தான் அவர் குடியிருந்தார். வேகத்தை ஒரு படி கூட்டுவார். அதற்கு வேண்டிய மின்சாரத்தை இம்மி இம்மியாகக் கூட்டுவார். சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார். சூடு சரியாக இருந்தால் போதும் என்று நாம் எழுந்துவிடுவோம். அவர் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

ஏன்? பழைய புயலை ஓட்டுவதற்காக. பல வருடங்களுக்கு முன் இந்தக் கரையைத் தாக்கிய ஒரு புயலின் கணக்கு அவரிடம் இருந்தது. அதன் சரியான விடை எல்லோருக்கும் தெரியும், கரையே அனுபவித்த விடை அல்லவா! வேகத்தை ஒரு படி கூட்டிய ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்கை முதலிலிருந்து செய்யச் சொல்லுவார். கடைசி இலக்கம்வரை பொருந்தினால்தான் அடுத்த படி. "நின்னு போற கம்ப்யூட்டர் நல்லவன், முடியலன்னு சொல்லிட்டான். நிக்காம ஓடி, தப்பா சொல்றான் பாரு, அவன்தான் ஆள முழுங்குவான்" என்பார். நாங்கள் கொட்டாவி விடுவோம்.

இப்படி ஏறி ஏறி, சாயங்காலம் வந்த கணிப்பு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தது! எத்தனை படகுகள் அதனால் கரையிலேயே நின்றன? எத்தனை வீடுகளில் அதனால் விளக்கு எரிகிறது? சங்கத் தலைவர் தலையாட்டுகிறார். அவருக்குத் தெரியும்.

தற்பெருமை இல்லாதவர் என்று யாரோ சொன்னார்கள். மன்னிக்க வேண்டும், அது முழுப் பொய்! யார் பார்வையிட வந்தாலும் அவர்கள் கையைப் பிடித்துக் கணினிப் பெட்டியின்மேல் வைத்து, "சுடுதா? சுடாது. யாரு வேலை?" என்று கேட்பவர் அவர். ஒரு கோடையில் இயக்குநர் அறையின் பெரிய மின்விசிறியைக் கழற்றிக் கணினி அறைக்குக் கொண்டுபோய்விட்டார். இயக்குநர் கேட்டதற்கு, "உங்களுக்கு வேர்த்தா தொடச்சுக்கலாம் சார், அதுக்குக் கை இல்ல" என்றார். இயக்குநர் இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

ஆனால் ஒன்று. கணினி தாங்கும் என்று தெரிந்த கடைசிப் படியை அவர் ஒருபோதும் எடுக்க மாட்டார். அதற்கு ஒரு படி கீழே இறக்கித்தான் வைப்பார். கேட்டால், அது வெயில் காலத்துக்கு என்பார். அந்த ஒரு படி எங்கள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கண்ணுக்கெதிரே வேகத்தைப் பூட்டி வைத்திருக்கிறாரே மனிதர், பேரனுக்குச் சேர்த்து வைக்கிறாரா என்று கேலி செய்தோம். கேலியைத் தொடங்கியவன் நான்தான்.

வெயில் கொளுத்திய நாட்களில், குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக அவர் விடுப்பில் போனார். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்துத் துறைமுகமும் எங்களிடம் கணிப்புக் கேட்டது. கணக்குப் பெரிதாகிவிட்டது, மதியத்துக்குள் முடியாது போலிருந்தது. நாங்கள் கூடிப் பேசினோம். அந்த ஒரு படி இருக்கிறதே என்றார் ஒருவர். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எடுங்கள் என்றேன். எடுத்தோம். கணினிகள் ஓடின, நிற்கவில்லை. நிற்கவில்லை என்றால் சரியாகத்தானே இருக்கிறது என்று நாங்களே எங்களைத் தட்டிக்கொடுத்துக்கொண்டோம். பழைய புயலை ஓட்டவில்லை. அதற்கு நேரமில்லை என்பது எங்கள் நியாயம். நேரத்தை மிச்சம் பிடிக்கத்தானே அந்தப் படியை எடுத்தோம்? ஆமாம் தோழர்களே, அவருடைய சோதனைக்கான நேரத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டோம்.

படுக்கையில் இருந்தவருக்கு அன்றே எப்படியோ செய்தி எட்டிவிட்டது. எனக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "பழைய புயல ஓட்டிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தாயிற்று அண்ணே என்றேன். எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டார். வழக்கமாக எடுக்கும் நேரம் என் வாயில் தயாராக இருந்தது. முக்கால் மணி என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டார்.

நான் செய்த மடத்தனம் உங்களுக்குப் புரிகிறதா? வேகத்தைக் கூட்டியிருக்கிறோம். கூட்டிய பிறகு அது முக்கால் மணி எடுக்காது, குறைவாகத்தான் எடுக்கும். பொய்யைக்கூட என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

மாடி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அக்கா தடுத்திருக்கிறார். போனிலேயே சொல்லி ஓட்டச் சொல்லுங்கள் என்று மன்றாடியிருக்கிறார். அதற்கு அவர் சொன்ன பதிலை அக்காவே என்னிடம் சொன்னார். "போன்ல பொய் சொல்லிட்டான். நேர்ல சொல்ல மாட்டான்." என்னைப் பற்றி அவருக்கு அப்போதும் அவ்வளவு நல்ல எண்ணம் இருந்தது. மைத்துனரின் காரில் வந்து, நம் கட்டடத்தின் அத்தனை படிகளையும் ஏறி, கணினி அறையின் கதவைத் திறந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய புயலை ஓட்டினார்.

விடை வந்தது. ஊரைத் தாக்கிய புயலைக் கரையைத் தொடாமல் விலகிப் போனதாகக் காட்டியது கணினி. அப்படியென்றால் அன்று காலை நாங்கள் படகுகளுக்குச் சொன்னது? கடல் அமைதி என்று சொல்லியிருந்தோம்! அவர் வேகத்தை இறக்கி, அன்றைய கணக்கைத் திரும்ப ஓட்டினார். தெற்கிலிருந்து பலத்த காற்று. துறைமுகத்துக்கு அவரே பேசினார். கிளம்பத் தயாராக இருந்த படகுகளை நிறுத்தினார்கள், கிளம்பியவற்றை வயர்லெஸில் திருப்பினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பின்வரிசையில் இருப்பவர்களே, அன்று திரும்பிய படகுகளில் இருந்தவர்கள் உங்களில் பலர்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கைதட்டினோம். திரையைப் பார்த்துக் கைதட்டினோம். அவர் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கணினியின் சூட்டையும் இலக்கம் இலக்கமாகப் படிக்கத் தெரிந்த கூட்டம் அது. பின்னாலேயே வந்த அக்காதான் அவர் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தார். தையல் பிரிந்திருந்தது. பிறகு சீழ் பிடித்தது, காய்ச்சல் வந்தது, அது இறங்கவே இல்லை. அவர் மாடி ஏறாவிட்டாலும் சீழ் பிடித்திருக்கலாம் என்று மருத்துவர் என் தோளைத் தொட்டுச் சொன்னார். அந்த 'பிடித்திருக்கலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

ஆகவே, அவர் கடமைக்காக உயிர் விட்டார் என்று யாரும் இனிச் சொல்ல வேண்டாம். நான் சொன்ன ஒரு பொய்யைச் சரிபார்க்க வந்தார். அதனால் போனார். எனக்கு அப்படித்தான் சொல்ல முடிகிறது.

இப்படிப்பட்ட கூட்டத்தில் கடைசியாக உறுதிமொழி எடுப்பது வழக்கம். அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று முழங்க வேண்டும். எந்த முகத்தோடு முழங்குவது? கணினி அறையையும் இனி நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இயக்குநர் உத்தரவிட்டிருக்கிறார். நான் ராஜினாமாவை எழுதி எடுத்துக்கொண்டு, இயக்குநரிடம் கொடுப்பதற்கு முன்னால் அக்காவிடம் போனேன். அந்த நாற்காலியில் உட்கார எனக்கு உரிமையில்லை, விலகிவிடுகிறேன் என்றேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா அழவில்லை. என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. வாசலில் நிற்க வைத்தே பேசினார்.

"நீ போயிட்டா அங்க இன்னொருத்தன் வருவான். அவனும் ஒரு நாள் அவசரப்படுவான். இனிமே அவசரப்படாத ஒரே ஆள் நீதான். அதுக்கு என் வீட்டுல இருந்து ஒரு ஆள் போயிருக்கு. விலகிப் போயி நிம்மதியா இருக்கலாம்னு பாக்காத. இரு."

அது மன்னிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அக்கா அவர்களே, உங்கள் மகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, இத்தனை படகுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்கிறேன்.

இருக்கிறேன்.