எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருக்காரு

இல்லண்ணா, மொதல்ல அந்த ஃபோன கீழ வைங்க. குடோனுக்கு இப்பவே சொல்லிடாதீங்க. ஒரு நிமிஷம் பேசணும். இவரு எங்க நிக்கறாருன்னு பாத்துக்கறேன்... ஆங், ரோட்டுக்கு அந்தாண்ட, பூக்கடைகிட்ட. எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருக்காரு. டயரு இன்னும் கடைக்கே வரல, அதுக்குள்ள சக்கரத்துக்கு அடியில வைக்க பழம் பாத்துக்கினு நிக்கறாரு பாருங்க. ஒவ்வொண்ணா உருட்டிப் பாப்பாரு. ஒரு கரும்புள்ளி இருந்தாக்கூட எடுக்க மாட்டாரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள சொல்லிடறேன்.

டயர் இல்லன்னு சொல்லிடுங்க. அவ்ளோதான் நான் கேக்கறது.

எதுக்கா? எதுக்குன்னா... இந்த சைஸு இப்ப வர்றதில்ல, ஆர்டர் போட்டா ஆவணி கடைசியிலதான் வரும், அப்படின்னு சொல்லுங்க. இந்த மாதிரி வண்டிக்கு டயர் கெடைக்கலன்னு சொன்னா யாரு நம்பாம போவாங்க? முன்னாடி ரெண்டுக்கு ஒரு சைஸு, பின்னாடி ரெண்டுக்கு அகலமா வேற சைஸுன்னு நீங்கதான சொன்னீங்க. ரெண்டு டயர்தான் போச்சு, ஆனா நாலும் ஒரே கம்பெனி புது டயரா போட்டாத்தான் வண்டி இழுக்காதுன்னும் சொன்னீங்க. அப்ப நாலும் கெடைக்கணும்ல? அதுல ஒண்ணு இல்லன்னு சொல்லுங்களேன். அது போதும் எனக்கு.

கீழ்க்கட்டளை குடோன்ல நாலும் இருக்கா. ஒரு மணி நேரத்துல வந்துடுமா. அட கடவுளே.

கோச்சுக்காதீங்கண்ணா, உங்க யாவாரத்த கெடுக்க வரல. இவரு நாலு வருஷமா உங்ககிட்டதான் வர்றாரு. மாடம்பாக்கத்துல எத்தன டயர் கடை இருக்கு, எல்லாத்தையும் தாண்டி கேம்ப் ரோட்டுக்கு அந்தோணி கடைக்குத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிப்பாரு. ஆவணியில பொண்ணு கல்யாணம், அது முடிஞ்ச மறுநாளு நானே வந்து நாலும் மாத்திக்கறேன். நீங்க எத காட்டறீங்களோ அதையே போட்டுக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழம மட்டும் இந்த வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது.

ஞாயித்துக்கெழம என்னான்னா, மாப்ள வூட்டுல வராங்க. எங்க பொண்ணு சுப்ரஜா, உங்களுக்குத் தெரியும், போன தடவ ஆணி ஏறினப்ப அவதான் கூட வந்தா. அவளுக்கு பள்ளிக்கரணையில எடம் அமைஞ்சிருக்கு. பையன் பேரு ஹரிபிரசாத். தங்கமான பையன், ஆனா காருன்னா பைத்தியம். பொண்ணு பாக்க வந்தன்னிக்கு பொண்ண பாத்தத விட ஷெட்டுல இருந்த இந்த வண்டியத்தான் அதிகமா பாத்தான். இவருக்கு அதுல தலகால் புரியல. ஞாயித்துக்கெழம வாங்க மாப்ள, வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்னு வாக்கு குடுத்துட்டாரு. ரெண்டு சீட்டு வண்டி. இவரும் மாப்ளையும்.

இவரு வேகமா போவாருன்னு எனக்கு பயம், அவ்ளோதான். வேற என்னா?

...ஆமா, நிதானமாத்தான் ஓட்டுவாரு. நீங்க சொல்றது நெசந்தான். ஏரிக்கரை நெலத்த ஃப்ளாட் கட்டறவங்களுக்குக் குடுத்தப்ப, அம்பது வயசுல ஒரு ஆசைன்னு சொல்லி வாங்கினாரு. நான்தான் கத்தினேன். ஆனா வாங்கின நாள்லேர்ந்து கோயில் தேர் மாதிரிதான் ஓட்டறாரு. ஸ்பீட் பிரேக்கர்ல கோணையா ஏத்தி கோணையா எறக்குவாரு, பின்னாடி வர்றவன் ஆரன் அடிச்சே செத்துடுவான். வேகத்த நான் கொற சொல்லவே முடியாது.

என்னா இது, மாதிரிக்கு ரெண்டு தினுசு டயரக் கொண்டாந்து எம்முன்னாடி வைக்கறீங்க? நான் எத கண்டேன்? சரி, சொல்லுங்க. இது கொஞ்சம் மெத்துனு இருக்கும், ரோட்ட நல்லா புடிக்கும், ஆனா சீக்கிரம் தேஞ்சிடும். அது கெட்டியா இருக்கும், நாளா ஒழைக்கும், மழையில கொஞ்சம் வழுக்கும். பயமா இருந்தா மெத்துனு இருக்கறதப் போட்டுக்கங்க அக்கா, மழையில மிதிச்சா நின்ன எடத்துல நிக்கும்னு சொல்றீங்க.

நிக்கும்ணா. மிதிச்சா நிக்கும். மிதிக்கறவருக்கு அந்த நேரம் நெனவு இருந்தா.

ஒண்ணும் இல்ல. விடுங்க. சும்மா ஏதோ வாயில வந்துச்சு. இவரு எங்க... இன்னும் பூக்கடையிலதான் நிக்கறாரு. அந்தப் பொம்பள கூட என்னாத்த இவ்ளோ சிரிக்கறாரு? வேற என்னா, அந்த சிக்னல் கதையத்தான் சொல்லிக்கினு இருப்பாரு. உங்ககிட்டயும் வந்ததும் வராததுமா சொன்னாரே. சிக்னல்ல கண்ணத் தொறந்துகினே தூங்கிட்டேன் அந்தோணி, பின்னாடி பஸ்ஸுக்காரன் எறங்கி வந்து கண்ணாடிய தட்டினான்னு. நீங்களும் சிரிச்சீங்க. நான் சிரிக்கல, அத பாத்தீங்களா?

நான் பக்கத்து சீட்டுல இருந்தேண்ணா. பச்ச விழுந்துச்சு. ஏங்க, பச்சங்க, எடுங்கன்னேன். அசைவே இல்ல. திரும்பிப் பாத்தா கண்ணு தொறந்திருக்கு, ஆனா எங்கியோ பாக்குது. வாயி என்னத்தையோ மெல்லற மாதிரி அசையுது. கையி கியர் மேல கெடந்து தடவிக்கினே இருக்கு, தடவிக்கினே இருக்கு. பெரிய சிக்னல்னு நியூட்ரல்ல போட்டு வெச்சிருந்தாரு, அந்த அம்மன்தான் காப்பாத்தினா. கொஞ்ச நேரம் கழிச்சு முழிச்சுக்கினு, என்னா கோகிலா, அசந்துட்டனா, அப்படிங்கறாரு. ஆமாங்க, ராத்திரி தூக்கம் பத்தலன்னு நானும் சொல்லிட்டேன்.

அதுக்குப் பேரு தெரியும் எனக்கு. என் தம்பி துரைராஜுக்கு சின்ன வயசுலேர்ந்து இருந்துச்சு. கையி கால இழுத்துக்கினு கீழ விழுந்தாத்தான் வலிப்புன்னு ஊர்ல நெனைக்கறாங்க. எல்லாருக்கும் அப்படி வராது. என் தம்பிக்கு இப்படித்தான், ஒக்காந்தது ஒக்காந்தபடி கொஞ்ச நேரம் ஆளு அங்க இருக்க மாட்டான். திரும்பி வந்தா எதுவும் ஞாபகம் இருக்காது.

ஒரு தடவ இல்லண்ணா. அப்பறம் வூட்டுல டிவி பாத்துக்கினு இருக்கும்போதும் வந்துச்சு. காபி டம்ளர் கையில சாஞ்சு வேட்டியெல்லாம் காபி. சூடுகூட தெரியல அவருக்கு. நான் தனியா போயி தாம்பரத்துல ஒரு டாக்டரக் கேட்டேன். அந்தம்மா எழுந்தே நின்னுட்டாங்க. உடனே கூட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் ஸ்டீயரிங்ல கைய வைக்கவே விடாதீங்கன்னாங்க. சரிங்கன்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். வந்து ஷெட்டு சாவிய ஒளிச்சேன், பேட்டரி வயர கழட்டினேன். மெக்கானிக்க கூட்டியாந்து மாட்டிட்டாரு.

தெரியாதுண்ணா. அவருக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்த டாக்டரம்மாவ விட்டா ஒலகத்துலயே உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.

இப்படிப் பாக்காதீங்க. ஏன் சொல்லலன்னு கேக்கறீங்க, அதான? அவரப் பத்தி உங்களுக்குத் தெரியாது. வயித்துல ஒண்ணு தங்காது அவருக்கு. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, யாரும் கேக்காமலே, பாப்பாக்கு கண்ணு பவரு ஜாஸ்தி, காலேஜ்ல ரெண்டு பேப்பர் அரியர் வெச்சு முடிச்சா, கோவம் வந்தா தட்ட தூக்கி எறிவான்னு வரிசையா ஒப்பிச்சாரு. புரோக்கரம்மா முந்தானைய வாயில அடைச்சுக்கினாங்க. அவருகிட்ட இத சொன்னா அடுத்த நிமிஷம் பள்ளிக்கரணைக்கு ஃபோன் போயிடும். சம்பந்தி, எனக்கு வலிப்பாம், யோசிச்சுக்கங்கன்னு. அவங்க யோசிப்பாங்க. அப்பனுக்கு இருந்தா பொண்ணுக்கு வராதா, நாளைக்குப் பேரனுக்கு வராதான்னு யோசிப்பாங்க. நல்லவங்கதான், ஆனா நல்லவங்களும் யோசிப்பாங்கண்ணா. என் தம்பியால எனக்கு வந்த எடமெல்லாம் அப்படித்தான் யோசிச்சு யோசிச்சுத் திரும்பிப் போச்சு. ஒரு எடத்துல தாம்பூலம் மாத்தின தட்டையே திருப்பி அனுப்பினாங்க.

இவரு மட்டும்தான் போகல. என் தம்பி இவரு கண்ணு முன்னாடியே அப்படி ஆனான். எங்கப்பா ஆடிப் போயிட்டாரு, இதுவும் போச்சுடான்னு. இவரு என் தம்பி கைய புடிச்சுக்கினு ஒக்காந்திருந்துட்டு, அதனால என்னாங்க மாமா, அப்படின்னாரு. அந்த மனுஷன்கிட்டத்தான் நான் மறைக்கறேன்.  ஆனா எம் பொண்ணு கல்யாணம்ணா. ஆவணி முடியட்டும், தாலி ஏறட்டும், அன்னிக்கே டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போறேன்னு மனசுல முடிஞ்சு வெச்சிருக்கேன்.

என்னாது? மாப்ளப் பையனும் அதே வண்டியில ஒக்காரப் போறானேன்னா? அது தெரியாமயா இங்க வந்து உங்க கால்ல விழாத கொறையா நிக்கறேன்? நீங்க இல்லன்னு சொல்லிட்டா அவனும் பொழப்பான், இவரும் பொழப்பாரு, கல்யாணமும் நிக்காது.

எங்க வண்டியோட பழைய டயர என்னா திரும்பத் திரும்ப தடவிப் பாக்கறீங்க?

ஆமா. நான்தான் குத்தினேன். ரெண்டுலயும் ஒரே எடத்துல ஓட்ட இருக்கும். ரெண்டும் பக்கவாட்டுலதான் இருக்கும். போன தடவ ஆணி ஏறினப்ப நீங்கதான இவருகிட்ட சொன்னீங்க, அடியில குத்தினா பஞ்சர் போட்டுடலாம், பக்கத்துல குத்தினா டயர தூக்கிப் போட வேண்டியதுதான்னு. அவரு வூட்டுல வந்து சொன்னது காதுல விழுந்துச்சு. பெரிய ஸ்க்ரூ டிரைவரு, அம்மிக் கொழவி. நேத்து மத்தியானம் இவரு தூங்கும்போது. ரப்பர் இவ்ளோ கெட்டியா இருக்கும்னு தெரியாது எனக்கு, தோள்பட்டை இன்னும் வலிக்குது. மூணாவதுக்கு கையி வரல, அப்படியே தரையில ஒக்காந்துட்டேன்.

இவரு வண்டி தொடைக்கற கதிரேசன் மேல சந்தேகப்பட்டு காலையில தெருவே கூடற மாதிரி கத்திட்டாரு. அந்த மனுஷன் வாளிய கவுத்து வெச்சிட்டு போயிட்டான். நான் ஜன்னலுக்குப் பின்னாடி நின்னுக்கினு பாத்தேன். 

வராரு. வராரு, ரோட்ட தாண்டிட்டாரு. சொல்லுங்கண்ணா, சொல்லுவீங்களா? தலைய மட்டும் ஆட்டுங்க. ...ஆட்ட மாட்டேங்கறீங்களே.

வாங்க. என்னா இவ்ளோ நேரம்? நாலு பழம் வாங்கப் போயி பை நெறைய வாங்கியாந்திருக்கீங்க. குடுங்க இப்படி. அந்தோணி அண்ணன் உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம். சொல்லுங்கண்ணா.

...

பாத்தீங்களா? இந்த சைஸு இப்ப இல்லியாம். ஆவணி கடைசியிலதானாம். அவரே சொல்றாரு, நான் சொன்னா நம்ப மாட்டீங்க. போனாப் போவுது விடுங்க. மாப்ள என்னா ஓடியா போயிடப் போறாரு? கல்யாணத்துக்கு அப்பறம் எத்தன ரவுண்டு வேணா போய்க்கங்க.

ஏன் சிரிக்கறீங்க?

ஞாயித்துக்கெழம சுப்ரஜா கார எடுத்துக்கறீங்களா? ...அதுல ஏங்க? ...இல்ல, சரிதான், அதுல நாலு பேரு போலாம்தான். அவளும் வரட்டுமா. மாப்ளையும் பொண்ணும் பின்னாடி ஒண்ணா ஒக்காந்து பேசிக்கினு வரட்டும், அதுவும் நல்லதாப் போச்சுங்கறீங்க. மாப்ள ஓட்டட்டுமே. ...நீங்கதான் ஓட்டுவீங்களா. வாக்கு குடுத்தது நீங்களா.

அண்ணா, எங்க போறீங்க? இருங்க. நீங்க இங்கயே இருங்க. அந்த ஸ்டூல மட்டும் இப்படி நவுத்துங்க.

ஏங்க, ஒக்காருங்க. இல்ல, ஒக்காருங்க சொல்றேன். பழம் உருண்டா உருண்டுட்டுப் போவுது, பொறுக்க வேணாம். என்னப் பாருங்க. அந்த சிக்னல் கதைய இனிமே யாருகிட்டயும் சொல்லி சிரிக்காதீங்க. அன்னிக்கு நீங்க தூங்கலைங்க.