தோலோங், துலுங்

நான்கு நிமிடம் பத்து விநாடி. அந்த ஒலிக்கோப்பின் நீளம் அவ்வளவுதான்.

சத்தம் இருக்கும் இடத்தில் குழந்தைகள் கூடுதல் நேரம் விளையாடுவார்கள். நான் இயற்பியல் படித்தவள். அளந்து பார்த்தே சொல்கிறேன். சுரபாயாவின் வணிக வளாகங்களில் உள்ள விளையாட்டுக் கூடங்களுக்கு ஒலி அமைப்பது என் வேலை. மிதித்தால் தவளை கத்தும் தரை, தொட்டால் மழை பெய்யும் சுவர்.

முதலைக் குகையும் நான் செய்ததுதான். குழந்தை அருகே வந்தால் உள்ளே முதலை உறுமும். பிறகு ஒரு சிறுமியின் குரல் "தோலோங்" என்று உதவி கேட்கும். குழந்தைகள் உள்ளே ஓடி ஒரு பஞ்சுப் பொம்மையை இழுத்து வருவார்கள். வரிசையில் நின்று காப்பாற்றினார்கள்.

என் முதலாளி பாக் தர்தோவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"என்னம்மா லாராஸ், இவ பயப்படுறாளா, செய்தி வாசிக்கிறாளா? தோலோங்காம். பள்ளிக்கூடத்துப் பாஷை. நம்ம ஊருப் புள்ள நெஜமா பயந்தா வீட்டுப் பாஷைல 'துலுங்'னுதான் கத்தும். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்து. முடியலன்னா சொல்லு, ஜகார்த்தாவுல ஆள் இருக்கு."

அவர் சொன்னது சரிதான். ஆனால் யார் பிள்ளையிடமும் போய், கொஞ்சம் பயந்து கத்து என்று கேட்க எனக்குக் கூச்சம். அக்கா மகளிடம் கேட்டேன். மிட்டாய் கொடுத்தும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

வியாழன் காலை, குகையின் எதிரொலியை அளக்கப் பதிவுக் கருவியோடு போனேன். உள்ளே வைத்த மைக்கை யாரும் தட்டிவிடாமல் இருக்கக் குகைவாயில் சங்கிலி மாட்டினேன். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வெனிங் காலுறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளிருந்து குரல் வந்தது. "துலுங்."

"அட, மாத்திட்டீங்களா?" என்றாள் வெனிங். "இது நல்லாருக்குக்கா. புல்லரிக்குது."

நான் சிரித்தேன்.

கண்ணாடிக்கு வெளியே காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் தோழியிடம், "எங்க நிமாஸ் குரல் மாதிரியே இருக்குல்ல?" என்றாள்.

"உன் பொண்ணு இதைவிட நல்லாக் கத்துவாளே," என்றாள் தோழி.

நிமாஸுக்கு ஐந்து வயது. பின்பக்கத் துளை வழியே போயிருக்கிறாள். குகையின் வளைவில் நுரைத் திண்டு சரிந்து அவள் மார்பை அழுத்தியிருந்தது. குரல் நின்ற பிறகு நான் சங்கிலியை எடுத்தேன். அதுவரை பொறுமையாகக் காத்திருந்த ஒரு சிறுமி உள்ளே போய்த் திரும்பி வந்து வெனிங்கிடம் புகார் சொன்னாள்.

"பொம்மை கனமா இருக்கு. வரமாட்டேங்குது."

விசாரணையில் எல்லோரும் ஒன்றையே சொன்னோம்: பதிவு என்று நினைத்தோம். நிமாஸின் அம்மாவுக்கு மட்டும் அதைச் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனது.

திண்டைச் சரியாகக் கட்டாதவர் வேறொருவர். நான் அதைத் தொட்டதே இல்லை. நடுவில் குரல் மெலிந்தபோது மைக்கை இரண்டடி உள்ளே தள்ளினேன். அது தொழில் பழக்கம். பதிவான ஒலிக்கோப்பை இன்னும் பாக் தர்தோவிடம் கொடுக்கவில்லை. தயவுசெய்து இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் ஒலிபெருக்கி என்றுதான் நினைத்தேனா என்று திரும்பவும் கேட்கிறீர்கள். எதிரொலியை அளக்கும்போது அது ஓடக் கூடாது. வந்ததும் முதல் வேலையாக அதன் கம்பியைப் பிடுங்கி வைத்தேன்.

உள்ளே இருந்தது குழந்தை என்று முதல் குரலிலேயே எனக்குத் தெரியும்.