கூப்பிடாமல் நிறுத்திய கரண்ட்

தெருவில் என்னைத் தையல்காரம்மா என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தாறு. மின்சாரக் கம்பெனி வைத்த டிரான்ஸ்பார்மருக்கு எதிர்வீட்டில் என் தங்கையோடு குடியிருந்தேன். தங்கைக்கு நுரையீரல் கெட்டுப்போய், கரண்டில் ஓடும் மூச்சு மெஷின் இல்லாமல் முடியாது.

டிரான்ஸ்பார்மர் வேண்டாம் என்று தெருவே மறித்து நின்றபோது கம்பெனி மேனேஜர் என் கடைக்கு வந்து, "உங்க தங்கச்சி எங்களுக்கும் தங்கச்சிதாம்மா. உங்களுக்குச் சொல்லாம கரண்ட்டை நிறுத்த மாட்டோம்" என்றார். அதை நம்பி வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தவள் நான்தான். அதன் பிறகு லைன்மேன் எப்போது நிறுத்தினாலும் முதலில் எங்கள் வாசலில் நின்று, "அக்கா, சிலிண்டரைத் திறங்க" என்று குரல் கொடுப்பார். கரண்ட் இல்லாதபோது மூச்சுக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் அது. திருகு இறுக்கம், தங்கையால் முடியாது. நான் இல்லாவிட்டால் அவரே உள்ளே வந்து திறந்து வைப்பார். நாங்கள் இருவரும் அவரைத் தம்பி என்றுதான் சொல்வோம். அவருடைய கல்யாணச் சட்டை நான் தைத்தது.

சம்பவத்தன்று காலை லைனிங் துணி வாங்கக் கிளம்பினேன். டிரான்ஸ்பார்மர் அடியில் லைன்மேன் நின்றிருந்தார். "என்ன தம்பி, வேலையா?" என்று கேட்டேன். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க்கா" என்றார். அதன் பிறகு நான் திரும்பி வந்தபோது தெருவில் கரண்ட் இல்லை. தங்கை உதடு நீலம் பாரித்துக் கட்டிலில் கிடந்தாள். சிலிண்டரைத் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன். "தம்பி கொரல் குடுக்கலையே, கரண்ட் இப்ப வந்துடும்னு இருந்துட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள்.

புதிதாகக் கட்டிய கடை வளாகத்துக்கு இணைப்புக் கொடுக்க நிறுத்தியதாகப் பிறகு தெரிந்தது. முன்பு ஒருமுறை தங்கைக்கு ரொம்ப முடியாத நாளில் நான் நிறுத்தவிடாமல் தகராறு செய்ததால், என்னிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று மேனேஜர் உத்தரவாம். மற்ற வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு, தையல்காரம்மாவிடம் நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்றார்களாம். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள்.

அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் லைன்மேன் என் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் கூப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா, இல்லன்னா என் வேலை போயிடும்" என்று அழுதார். அதற்குப் பதிலை இங்கே சொல்கிறேன். அவர் கூப்பிடவில்லை. என்னை அக்கா என்று கூப்பிட இனி யாரும் இல்லை.

இந்த வாக்குமூலத்தை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை.

(கையெழுத்து)