சான்றிதழுக்கு அடித்த ஆணி

எனக்கு ஆணி அடிக்க நன்றாக வரும். பூச்சு உதிராது, ஆணி வளையாது. எங்கள் ஹாலில் என் மைத்துனனின் சான்றிதழ் பிரதியை மாட்டவும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் மேல, எல்லார் கண்ணுலயும் படட்டும்" என்றாள் என் மனைவி. தம்பி மேல் அவ்வளவு பெருமை.

அவனுக்குக் கட்டட வேலையைக் கற்றுக்கொடுத்தவன் நான். திட்ட மேலாண்மைக்கு ஒரு சான்றிதழ் உண்டென்பதே முன்பெல்லாம் யாருக்கும் தெரியாது. பிறகு, அது இல்லாதவனிடம் கட்டடத்தை ஒப்படைக்கமாட்டோம் என்று வாடிக்கையாளர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அவன் விழுந்து விழுந்து படித்துத் தேறினான். நான் படிக்கவில்லை. என் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். பொறாமையா என்று கேட்கிறீர்கள். ஆமாம், வயிறு எரிந்தது. அதற்காகக் கை நீட்டி யாரையும் அடித்ததில்லை, ஐயா.

ஒவ்வொரு கூட்டம் முடியும்போதும், ஆபத்து ஏதாவது தெரிகிறதா என்று எல்லோரையும் கேட்பான். அந்தப் படிப்பு தந்த பழக்கம். மேல்தளத்தைத் தாங்கிய முட்டுகளை மறுநாள் பிரிப்பதென்று அன்று முடிவானது. குளிரில் கான்கிரீட் இறுகத் தாமதமாகும். அதை அவன் யோசிக்கவில்லை. நான் காலையிலேயே தட்டிப் பார்த்திருந்தேன், இன்னும் இறுகவில்லை.

"அத்தான், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"படிச்சவன் நீ இருக்கும்போது நான் என்னத்தப்பா சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு மறுபடி கேட்டான். "நிஜமாத்தான் கேக்குறேன் அத்தான்."

"ஒண்ணும் இல்ல. நீயே கீழ நின்னு பாத்துக்கோ. பொறுப்புல இருக்கறவன் பக்கத்துல நின்னாத்தான் ஆளுங்களுக்கு தைரியம்."

மறுநாள் என் ஆட்களை மட்டும் ஏன் கிடங்குக்கு அனுப்பினேன் என்றுதானே விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தளம் விழும் என்று தெரியும், அதனால் அனுப்பினேன். தளம் விழுந்து அவனோடு இன்னும் மூன்று பேர் செத்துப்போனார்கள். முதலில் ஓடிப்போய் இடிபாட்டைக் கையால் அள்ளியவன் நான்தான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்று இனி சொல்லமாட்டேன். காலியான இடத்துக்கு அது வேண்டும் என்றார்கள். போன மாதம் நானும் எழுதித் தேறினேன். பழைய ஆணியில் இப்போது அவன் புகைப்படம் தொங்குகிறது. பக்கத்திலேயே என் சான்றிதழுக்கு வேறு ஆணி அடித்துக்கொண்டேன். மனைவி வந்து பார்க்கவில்லை.

பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. ஆபத்து உங்களுக்கு மட்டும் தெரிந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? உடனே பொறுப்பாளரிடம் சொல்வேன் என்று குறித்தேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, ஐயா. எனக்கு இந்த வேலை அவனைவிட நன்றாகத் தெரியும்.