அந்த நான்கு கட்டங்கள்

இடது கையைத் தனியாகப் பழகிவிட்டு அப்புறம் வலது கையோடு சேர்ப்பதுதான் நல்லது, இன்ஸ்பெக்டர். பியானோவில் புதிதாக உட்காருகிறவர்கள் அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாகப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஐம்பத்தாறு வயதில் நானும் மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி சுவீ இம் என்றால் பினாங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். முப்பது வருஷம் இந்த வீட்டுக் கீழ்க்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவள். பக்கவாதம் வந்ததும் மாடி அறையோடு முடங்கிப்போனாள். பியானோ சும்மா கிடக்கக் கூடாது என்று என்னை உட்கார வைத்தது அவள்தான்.

அவள் முறை கண்டிப்பானது. பியானோ மேல் இடப்பக்கம் பத்து மாஜோங் ஆட்டக் காய்கள். கஷ்டமான இடத்தை ஒருமுறை பிசகில்லாமல் வாசித்தால் ஒரு காய் வலப்பக்கம் போகும். ஒரு சுரம் தப்பினாலும் மாடியில் கைத்தடி தரையைத் தட்டும். போன காய்கள் எல்லாம் திரும்பி வந்துவிட வேண்டும். பத்தும் வலப்பக்கம் சேர்ந்தால்தான் அடுத்த வரி.

என்னை நிறுத்தி வைத்தது, இசைக்குறிப்புத் தாளில் நான்கே நான்கு கட்டங்கள். வலது பெருவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழையும் அதே நொடியில் இடது கை எட்டுக் கட்டை தாண்டிக் குதிக்க வேண்டும். ஐந்து மாதமாகியும் ஆறு காயைத் தாண்டியதில்லை. கஞ்சி கொண்டுபோனால் குழறிக் குழறிச் சொல்வாள்:

"ஏழு வயசுப் பொண்ணு இதை ரெண்டு வாரத்துல முடிச்சா. உன் கையில இருக்கிறது விரலா, வாழைப்பழமா?"

நான் கஞ்சியை ஆற்றி ஊட்டிவிட்டு இறங்கி வருவேன். கோபம் என்று ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய மூச்சிரைப்பு மருந்துக் குழலைக் கழுவ எடுத்து வந்தேன். வாராவாரம் கழுவுவதுதான். காயட்டும் என்று பியானோ மேல் வைத்துவிட்டு, நாலு மணிக்கு வாசிக்க உட்கார்ந்தேன்.

அன்றைக்கு விரல்கள் சொன்னபடி கேட்டன. மூன்று காய் போயிற்று. நாலாவதை நகர்த்தும்போது மேலே தட்டல். கைகளைப் பார்த்தேன். எந்தப் பிசகும் இல்லை. நான் பிசகாதபோது அவள் தட்டியதே கிடையாது. மறுபடி தட்டினாள், தாளமே இல்லாமல், அடுத்தடுத்து. மூச்சுக்குத் தவிக்கிறாள் என்று புரிந்தது. மருந்துக் குழல் என் கண்ணுக்கு நேரே இருந்தது. நான் ஐந்தாவது முறை ஆரம்பித்தேன்.

வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு தியோ அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"என்ன கியாட் செங், வாத்தியாரம்மா இன்னிக்கு இந்தப் போடு போடுறாங்க?"

"தப்பா வாசிச்சா சும்மா விடுவாங்களா, அக்கா?"

"கட்டிக்கிட்டவங்ககிட்டயே படிக்க வந்தே பாரு, உனக்கு வேணும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

முதலில் உங்களிடமும் அதையேதான் சொன்னேன். தப்புக்குத் தட்டுகிறாள் என்று நினைத்தேன், அதனால் மேலே போகவில்லை என்று. உங்கள் மகளும் அவளிடம் படித்தவள், காய்க் கணக்கு உங்களுக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் போலீஸ் எடுத்த பியானோ படத்தை மேஜைமேல் வைத்து, அத்தனை தட்டலுக்குப் பிறகும் பத்துக் காயும் எப்படி வலப்பக்கம் இருக்கிறது என்று ஒரே கேள்வி கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உங்களுக்குப் போன் செய்வதற்கு முன் அவற்றை இடப்பக்கம் தள்ளியிருக்கலாம். நினைத்தும் பார்த்தேன். கை வரவில்லை. ஐந்து மாத உழைப்பு.

எட்டாவது காய்க்குத் தட்டல் மெலிந்தது. ஒன்பதாவதற்கு ஒன்றே ஒன்று. பத்தாவது முறை நிதானமாக, கடைசிச் சுரம் அடங்கும்வரை வாசித்துவிட்டுக் காத்திருந்தேன். மாடியில் சத்தமே இல்லை.

குறுக்கே ஒன்றும் சொல்லாமல் என் வாசிப்பை அவள் முழுசாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான், இன்ஸ்பெக்டர்.