இடது பக்கம் வளைந்த கண்ணாடி

என் பெயரும் விலாசமும் தனித்தாளில் உள்ளன. வயது முப்பத்தொன்று. திருமணமாகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சட்டத்தை முகத்துக்கு ஏற்பப் பொருத்திக் கொடுக்கும் வேலை செய்கிறேன்.

இன்று காவல் நிலையத்தில் அதிகாரி என்னிடம் காட்டிய கண்ணாடி எங்கள் கடையில் வாங்கியது. அதன் சொந்தக்காரர் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் அண்ணன் வீட்டில் இருப்பவர். இப்போது மருத்துவமனையில் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார். அவர் படியில் தவறி விழுந்ததாக அண்ணன் சொல்லியிருப்பதாக அறிகிறேன்.

கண்ணாடி வாங்கிய பிறகு அந்தப் பெண் அதைச் சரிசெய்ய அடிக்கடி வந்தார். ஒவ்வொரு முறையும் காதில் மாட்டும் இடது பக்கக் கம்பி உள்ளே வளைந்து, இடது மூக்குத்தாங்கி நசுங்கியிருக்கும். அதை நான் இடுக்கியால் நிமிர்த்துவேன். வேலை முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்க மாட்டார். பேருந்து நெரிசல், விலாசமே எழுதாமல் தபாலில் போடுகிறவர்கள் என்று சிரித்துச் சிரித்துப் பேசுவார். காதோரம் என் விரல் பட்டால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினால் குப்புறக் கவிழ்த்துவிடுவார். அதையும் கூச்சம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இலவசமாகச் சரிசெய்ய அடிக்கடி வருகிறவர் ஆளுக்காகத்தான் வருகிறார் என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், "உன்னைப் பார்க்கத்தான்ப்பா வளைச்சுக்கிட்டு வருது" என்று கேலி செய்வார். துணிக்கடையில் வேலை பார்க்கும் என் தங்கையிடம் சொன்னேன். அவள், "கடையில சிரிச்சுப் பேசுறவங்களை எல்லாம் கட்டிக்கிறதா இருந்தா எனக்கு இந்நேரம் நூறு கல்யாணம் ஆகியிருக்கும்ண்ணே" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

அதன்பின் ஒரு நாள் துணிந்து, "சும்மாவே வரலாமேங்க, எதுக்கு இதை வளைச்சுக்கிட்டு?" என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் வளைக்கலைங்க" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை.

தூக்கத்தில் நசுங்கும் கண்ணாடி பெரும்பாலும் இரண்டு பக்கமும் வளையும். படியில் விழுந்ததில் லென்ஸ் கீறாமல் தப்புவது அரிது. இன்று காட்டிய கண்ணாடியில் கீறல் இல்லை. முன்பு போலவே இடது கம்பி உள்ளே வளைந்து, இடது மூக்குத்தாங்கி நசுங்கியிருக்கிறது. எதிரே நின்று வலது கையால் அறைந்தால் இப்படி வளையும். இது என் தொழில். நான் அவருடைய சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்வருவது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். நான் வற்புறுத்தியதால் பதிவாகிறது: அந்தப் பெண் வராத நாட்களில், அந்தக் கம்பி சீக்கிரம் மறுபடி வளைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
கண்ணாடிக் கடை ஊழியர்