பாடமாகிப்போன இருமல்

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் கிளம்பியதும், மடியில் மருந்துப் பையோடு எதிரே இருந்த அம்மாள், பக்கத்துச் சீட்டு டீச்சரிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வது?

“எங்க வூட்டுக்காரர் இருமல் காலேஜ்ல பாடமா கீது டீச்சர்.”

“இருமலா?”

“ஆமா. எங்க ஊர் டாக்டரம்மா காலைல எங்களைப் பாக்கும். மத்தியானம் மெட்ராஸ் போயி டாக்டருக்குப் படிக்கிற பசங்களுக்குப் பாடம் எடுக்கும். அதான் டேப்புல புடிச்சிக்கினு போச்சு. போட்டா பசங்க மூச்சுகூட விடாம கேக்குதுங்களாம்.”

“அப்படி என்னங்க அதுல?”

“ஊரே டிபின்னு சொல்லிச்சு. நாங்களும் பயந்துகினு தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வெச்சிட்டோம். அவர் வேலை செஞ்ச ரைஸ் மில்லுல மத்தவங்களும் இதே மாதிரி இருமுறாங்கன்னு டாக்டரம்மாதான் கவனிச்சுது. ஒவ்வொருத்தர் வூட்டுக்கும் போயி, நெஞ்சுல காது வெச்ச மாதிரி உக்காந்து கேட்டுது. டிபி இல்ல, உமித்தூசின்னு ஆராய்ச்சி பண்ணி எழுதிச்சு. அப்புறம் மில்லுல தூசியை இழுக்கிற மிஷின் வெச்சாங்க.”

“அடேயப்பா! இப்ப எப்படி இருக்கார்?”

ஜன்னலோரம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தவரை அம்மாள் காட்டினாள். இரும்புலியூர் தாண்டும்வரை டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

“ஒரே தட்டுலதான் சாப்புடுறோம்,” என்றாள் அம்மாள். “இங்க நின்னுபோச்சு. காலேஜ்லதான் இன்னும் இருமிக்கினு கீறாரு.”